சின்ன டிராக்டருக்கு முன்பக்கப் பனி பிளேடு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: 25 குதிரைத்திறன் காம்பாக்ட் டிராக்டர் வைத்திருக்கிறேன். முன்னால் லோடர் (பக்கெட்டைத் தாங்கித் தூக்கும் கைகள்) உண்டு. வீட்டுப் பாதையில் விழும் பனியைத் தள்ள எத்தனை அடி பிளேடு வாங்கலாம்? கடையில் 5 அடியும் காட்டுகிறார்கள், 7 அடியும் காட்டுகிறார்கள்.

குதிரைத்திறனைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். பிளேடு விஷயத்தில் அதற்கு வேலை குறைவு. டேப்பை எடுத்து, பின் டயர்களின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை அளந்துகொள்ளுங்கள். டயருக்குச் சங்கிலி மாட்டுவதாக இருந்தால், மாட்டிய பிறகு அளக்க வேண்டும்.

பிளேடை நேராக வைத்தால் அதன் முழு அகலத்துக்கும் வழி கிடைக்கும். ஆனால் பனியை ஓரத்தில் ஒதுக்க, பெரும்பாலான நேரம் அதை ஒரு பக்கமாக 30 டிகிரி திருப்பிச் சாய்த்துத்தான் ஓட்டுவீர்கள். அப்போது அகலத்தில் ஏறத்தாழ 13 சதவீதம் போய்விடும். 60 அங்குல பிளேடு 52 அங்குலம்தான் வழிக்கும். 66 அங்குலம் 57, 72 அங்குலம் 62, 84 அங்குலம் 73. சாய்த்த நிலையில் கிடைக்கும் இந்த அகலம், டயர்களைத் தாண்டி இரு பக்கமும் குறைந்தது 2 அங்குலமாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்க டயர் வழிக்காத பனி மேல் ஏறி, அதை அமுக்கிக் கல்லாக்கிவிடும். அடுத்த நாள் அந்தப் பட்டையைப் பிளேடால் சுரண்ட முடியாது. ஆக, 50 அங்குல அகலமுள்ள டிராக்டருக்கு 5 அடி பிளேடு போதாது, இரு பக்கமும் ஓர் அங்குலம்தான் மிஞ்சும். 66 அங்குலம் எடுங்கள். 56, 58 அங்குல வண்டிக்கு 6 அடி.

இது குறைந்தபட்சம். அதிகபட்சத்தைத் தீர்மானிப்பது வண்டியின் எடை. ஒன்றரை மீட்டர் அகலத்தில் 15 மீட்டர் தூரம், 15 செ.மீ. பனியைத் தள்ளுவதாக வைத்துக்கொள்வோம். அது 3.4 கன மீட்டர். புதிதாக விழுந்த உலர்ந்த பனி கன மீட்டருக்கு 80 கிலோ என்று கொண்டால் மொத்தம் 270 கிலோ. அதே கன அளவுக்கு, ஈரமாகி அமர்ந்த, கன மீட்டருக்கு 300 கிலோ உள்ள பனி என்றால் ஒரு டன்! ஒரு டன் பனியை நகர்த்த ஒரு டன் விசை வேண்டியதில்லைதான். ஆனால் இறுகிய பனி மேல் ரப்பர் டயருக்குக் கிடைக்கும் பிடி, வண்டி எடையில் கால் பங்கைத் தாண்டுவது அரிது. ஆயிரம் கிலோ டிராக்டர், நான்கு சக்கர ஓட்டத்தில்கூட, 250 கிலோ அளவுக்குத்தான் முட்டித் தள்ளும். என்ஜினில் மிச்சம் திறன் இருக்கும்போதே டயர் வழுக்கிவிடும். அதனால் ஆயிரம் கிலோவுக்கு உட்பட்ட வண்டிக்கு 7 அடி பிளேடு வேண்டாம். 1,500 கிலோவுக்கு மேல் உள்ள வண்டிக்கு அதை யோசிக்கலாம்.

கேள்வி: லோடரில் பக்கெட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மாட்டும் பிளேடு ஒன்று, லோடரையே கழற்றிவிட்டு டிராக்டரின் அடிச்சட்டத்தில் பொருத்தும் பிளேடு ஒன்று. எது நல்லது?

உறுதி என்று பார்த்தால் அடிச்சட்டத்தில் பொருத்துவதே மேல். தள்ளும் விசை தாழ்வாக, நேராக, அச்சுப் பக்கம் போய்ச் சேர்கிறது. பிளேடு டிராக்டரின் மூக்குக்கு அருகிலேயே இருப்பதால் முன் அச்சில் சுமை குறைவு, திருப்புவதும் எளிது. ஆனால் அது ஓர் அடி உயரம் கூடத் தூக்காது. குளிர்காலத்தின் நடுவில் பனிக்குவியலை மேலே மேலே ஏற்ற வேண்டி வரும்போது கையைக் கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடும். லோடரும் கழன்று கிடக்கும்.

லோடரில் மாட்டினால் குவியலை உயர்த்தலாம், சாலையோர மேட்டைத் தாண்டிக் கொட்டலாம், இரண்டு நிமிடத்தில் பக்கெட்டுக்கு மாறலாம். இதற்குக் கொடுக்கும் விலை லோடர் கைகள்தான். அவை மேலே தூக்கச் செய்யப்பட்டவை. பக்கவாட்டில் அடி வாங்கச் செய்யப்பட்டவை அல்ல. சாய்த்து வைத்த பிளேடின் ஒரு முனை, பனிக்குள் மறைந்திருக்கும் கல்லில் மோதினால், அந்த அடி நடுவிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி விழுகிறது. கைகள் முறுக்கிக்கொள்ளும், பக்கெட்டைச் சாய்க்கும் சிலிண்டரின் தண்டு வளையும்.

எவ்வளவு பலமான அடி? ஆயிரம் கிலோ வண்டி மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் போய் 5 செ.மீ. தூரத்துக்குள் நின்றால், சராசரியாக 2 டன் விசை. 10 கி.மீ. வேகத்தில் அதே மோதல் 8 டன்! வேகம் இரண்டு மடங்கானால் அடி நான்கு மடங்கு. லோடரை வளைத்தவர்களில் பலர் வேகமாக ஓட்டியவர்களே. நடு கியரில், நடக்கிற வேகத்தைவிடச் சற்றுக் கூட, அது போதும்.

வாங்குமுன் இன்னொரு கணக்கையும் பாருங்கள். லோடரின் தூக்கும் திறன் என்று விளம்பரத்தில் போடுவது பெரும்பாலும் லோடர் கையின் முனையில் பக்கெட்டைத் தாங்கும் இரும்புப் பின் (pin) இருக்கும் இடத்தில் அளந்தது. பிளேடின் எடையோ அதற்கும் முன்னால் தொங்குகிறது. கையேட்டில் 50 செ.மீ. முன்னால் எவ்வளவு என்று தனியாக ஒரு எண் இருந்தால், அதை வைத்துக் கணக்குப் போடுங்கள். வேலை லோடரில்தான் என்றால், மாட்டும் தகட்டுக்கும் பிளேடுக்கும் இடையே நீளம் குறைவாக உள்ளதாகவும், இரு முனையும் மேலும் கீழுமாகச் சில டிகிரி தானே ஆடிக்கொடுக்கும் பின் உள்ளதாகவும் தேடுங்கள். அந்த ஆட்டம் இல்லாத பிளேடு, மேடுபள்ளப் பாதையில் ஒரு முனையால் தோண்டும், மறு முனையில் பனியை விட்டுவிடும்.

கேள்வி: பழைய பிக்கப் டிரக்கில் இருந்த ஏழரை அடி பிளேடு மலிவாகக் கிடைக்கிறது. தகடு வெட்டி வெல்டிங் செய்து என் சின்ன டிராக்டரில் மாட்டிவிடலாமா?

விலை மலிவுதான், பிளேடு உங்கள் வண்டிக்கானது இல்லை. எடையை விடுங்கள், ஸ்பிரிங்கைப் பாருங்கள். எதிலாவது இடித்தால் பிளேடு மடங்கிக்கொடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த ஸ்பிரிங். ஆனால் அது மூன்று டன் டிரக்குக்காக இறுக்கப்பட்டது. உங்கள் ஒரு டன் டிராக்டர் மோதும்போது ஸ்பிரிங் அசைவதற்குள் வண்டி நின்றுவிடும், அடி முழுக்க லோடருக்குப் போகும். மெல்லிய ஸ்பிரிங் மாற்றலாம் என்றால், அதற்குள் கிடைத்த லாபம் கரைந்துவிடும். அந்த டிரக் பிளேடின் 12 வோல்ட் மின்பம்பும் சின்ன டிராக்டரின் ஆல்டர்னேட்டர் தாங்காத மின்சாரத்தை இழுக்கும்.

மடங்குவதில் இரண்டு வகை. பிளேடு முழுவதும் முன்னால் கவிழ்வது ஒன்று. அடியில் உள்ள 6, 8 அங்குலத் தகடு மட்டும் பின்னால் மடங்குவது இன்னொன்று. முதலாவதில், இடித்தவுடன் முன்னால் இருந்த பனியெல்லாம் சிந்திவிடும். ஆனால் அமைப்பு எளிது, எடை குறைவு. இரண்டாவதில் பனி சிந்தாது. ஆனால் கீலுக்கு மேலே இடிக்கும் பொருளுக்கு அது மடங்காது. உயரமான கல், வெட்டிய மரத்தின் அடிக்கட்டை உள்ள இடத்தில் முழுவதும் கவிழ்வதே பாதுகாப்பு. வீட்டுப் பாதைக்கும் எடை குறைந்த வண்டிக்கும் எங்கள் தேர்வு அதுதான். ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கம் என்றால், அதன் சுருள்களுக்கு இடையே ஒரு தாள் நுழையும் அளவுக்கு. பிறகு கையேட்டில் உள்ளபடி சரிபாருங்கள். தள்ளும்போதே பிளேடு தானாகக் கவிழ்கிறது என்பதற்காக இறுக்கிக்கொண்டே போகாதீர்கள். பல நேரம் குற்றம் ஸ்பிரிங்கில் இல்லை, பிளேடை முன்னால் அதிகம் சாய்த்து வைத்திருப்பதில்தான்.

கேள்வி: இருக்கையில் உட்கார்ந்தபடியே பிளேடை இடம் வலம் திருப்ப வேண்டும். என் டிராக்டரில் லோடர் லீவர் மட்டும்தான் இருக்கிறது.

திருப்ப, ஹைட்ராலிக் எண்ணெய் போய்வர ஒரு ஜோடி ஹோஸ் வேண்டும். மூன்று வழிகள் உண்டு. பின்பக்க ஹைட்ராலிக் இணைப்பு ஏற்கனவே இருந்தால், அங்கிருந்து நீள ஹோஸ் இழுத்து வருவது. லோடருக்குத் தனியாக மூன்றாவது வால்வு போடுவது. அல்லது பக்கெட்டைச் சாய்க்கும் எண்ணெயை, லீவரில் உள்ள பொத்தானை அழுத்தும்போது மட்டும் பிளேடுக்குத் திருப்பிவிடும் ஆறு வாய் வால்வு. பனி வேலைக்கு மட்டும் என்றால் கடைசி வழி போதும். சாய்ப்பதையும் திருப்புவதையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது என்பதுதான் குறை. பனி தள்ளும்போது அதற்கு அவசியமும் வராது.

கட்டாயம் கேட்டு வாங்க வேண்டியது, இரண்டு திருப்பும் சிலிண்டர்களுக்கும் நடுவே வரும் குறுக்கு ரிலீஃப் வால்வு. முனை எதிலாவது இடிக்கும்போது ஒரு சிலிண்டரில் எகிறும் அழுத்தத்தை அது மற்றதற்குத் திறந்துவிடும், பிளேடு விலகிக்கொடுக்கும். இது இல்லாத பிளேடில் எண்ணெய்க்குப் போக இடமில்லை. ஹோஸ் வெடிக்கும், அல்லது சிலிண்டர் தண்டு வளையும். விலைப்பட்டியலில் இதை விட்டுவிட்டு மலிவாகக் காட்டுபவர்கள் உண்டு.

ஹோஸ்களை இணைக்கும் கப்ளர்கள் தட்டை முகம் உள்ளவையாக இருக்கட்டும். குழிவான முகத்தில் பனி நிறைந்து உறைந்துவிடும். மாட்ட மறுத்தால் சுத்தியலை எடுக்காதீர்கள். என்ஜினை அணைத்து லீவரை எல்லாப் பக்கமும் ஆட்டினால் அடைபட்ட அழுத்தம் இறங்கிவிடும்.

கேள்வி: சரளைக்கல் பாதை. போன வருஷம் பனியோடு பாதிக் கல்லும் புல்தரைக்குப் போய்விட்டது. பிளேடின் விளிம்பைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தும் ஷூ மாட்டியும் பயனில்லை.

ஷூவின் உயரம் சரியில்லை, அல்லது பிளேடு நிற்கும் சாய்வு சரியில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் பார்த்துவிடலாம். சமமான சிமென்ட் தரையில், 20 மி.மீ. கனமுள்ள இரண்டு பலகைகள் மேல் பிளேடின் கீழ் விளிம்பை இறக்குங்கள். மாட்டும் தகட்டிலிருந்து பிளேடு வரை வரும் முக்கோணச் சட்டம் தரைக்கு இணையாக வரும்வரை சாய்வைச் சரிசெய்யுங்கள். இப்போது ஷூவின் பின்னைக் கழற்றி, அது தரையைத் தொடும் வரை இறக்கி, இடைவெளிக்கு வாஷர் போட்டுப் பின்னை மாட்டுங்கள். அதே நிலையில் சாய்க்கும் சிலிண்டரின் தண்டு எங்கே நிற்கிறது என்று, அதனருகே உள்ள காட்டிக் கம்பியில் பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். வண்டியிலிருந்து பார்த்தால் பிளேடின் சாய்வு தெரியாது. அந்தக் கோடு தெரியும். முன்னால் சாய்ந்தால் விளிம்பு தோண்டும், பின்னால் சாய்ந்தால் பனி மேல் ஏறி வழுக்கும்.

பிறகு லோடர் லீவரை முன்னால் கடைசி வரை தள்ளி ஃப்ளோட்டில் (பிளேடு தரையின் மேடுபள்ளத்தோடு தானே ஏறி இறங்கும் நிலையில்) விட்டு ஓட்டுங்கள். இதைச் செய்யாமல் பிளேடைக் கீழே அழுத்திப் பிடித்தால் எந்த ஷூவும் காப்பாற்றாது. முன் சக்கரங்கள் தூக்கிக்கொண்டு ஸ்டியரிங்கும் பேசாது.

தரை உறையாத முதல் பனியை முழுக்க வழிக்காதீர்கள். இரண்டு அங்குலம் விட்டு, டயரால் ஏறி அமுக்குங்கள். அது உறைந்து, கல்லுக்கு மேல் மூடியாகிவிடும். அதன் பின் ஷூவை ஏற்றிக்கொள்ளலாம். இன்னொரு வழி, 2 அங்குல இரும்புக் குழாயை நீளவாக்கில் ஒரு கோடு பிளந்து கீழ் விளிம்பில் செருகி, இரு முனையிலும் போல்ட் போடுவது. உருண்டையான விளிம்பு கல்லின் மேல் மிதந்து போகும். சரளைப் பாதைக்கு ஷூவை விட இதுவே எங்களுக்கு உசத்தி. தார் ரோடுக்கு வந்தால் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: நான்கு சக்கரமும் ஓடுகிறது, இருந்தும் வழுக்குகிறது. பின் டயரில் தண்ணீர் நிரப்பலாமா?

வெறும் தண்ணீர் கூடாது, உறைந்துவிடும். உறையாத கரைசல்தான் நிரப்ப வேண்டும். வால்வை உச்சியில் வைத்து அந்த மட்டம் வரை, அதாவது முக்கால் பங்கு. கால்சியம் குளோரைடு கரைசல் கனமானது, ஆனால் கசிந்தால் ரிம்மை அரிக்கும். பீட்ரூட் சாற்றுக் கரைசல் அரிக்காது, விலை கூடுதல். இவற்றோடு பின்னால் மூன்று முனை இணைப்பில் ஒரு எடைப்பெட்டியும் வேண்டும். முன்னால் தொங்கும் பிளேடு பின் சக்கரத்தின் எடையைத் தூக்கிவிடுகிறது. அதை அந்தப் பெட்டிதான் ஈடுகட்டும். எவ்வளவு என்பது டிராக்டர் கையேட்டில் லோடர் பகுதியில் இருக்கும்.

இன்னும் வழுக்கினால் பின் டயர்களுக்குச் சங்கிலி. ஏணி போல் குறுக்குக் கம்பி மட்டும் உள்ளதை விட, டைமண்ட் பின்னல் பக்கவாட்டிலும் பிடிக்கும். மாட்டுமுன் டயருக்கும் ஃபெண்டருக்கும் இடையே கை நுழைகிறதா பாருங்கள். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடி இறுக்குங்கள், முதல் சுற்றிலேயே தளரும். கூரிய பற்கள் உள்ள சங்கிலி ஐஸில் அருமை, தார் ரோட்டில் கோடு போடும்.

கேள்வி: அலங்காரக் கல் பதித்த முற்றத்துக்கு ரப்பர் விளிம்பு போதுமா?

புதுப் பனிக்கும் சேறுபோல் இளகிய பனிக்கும் நன்றாக வழிக்கும், கல்லிலும் கீறல் விழாது. இறுகி உறைந்ததை வழிக்காது. அதனால் கார் ஏறுவதற்கு முன் தள்ளிவிட வேண்டும்.

கேள்வி: பனி பிளேடுக்கு மேல் வழிந்து ரேடியேட்டர் வலையில் வந்து விழுகிறது.

பிளேடின் மேல் விளிம்பில், முன்னால் வளைந்து நிற்கும்படி ஒரு அடி அகல ரப்பர் பட்டையைத் தட்டையான இரும்புப் பட்டையோடு சேர்த்து போல்ட் போடுங்கள். பிளேடு உள்முகத்தில் மெழுகு பூசினால் பனி ஒட்டாமல் உருளும். ஒட்டிக்கொண்ட பனி மேல் புதுப் பனி ஏறித்தான் பாதி வழிகிறது. வலையை அடைத்த பனியைத் தட்டிவிடாமல் ஓட்டிக்கொண்டிருந்தால், உறைகிற குளிரிலும் என்ஜின் சூடேறிவிடும்.