சீரியலும் படமும் பார்க்க எந்த ஓடிடி சந்தா எடுக்கலாம்?

வீட்டில் தினம் ஓடுவது எந்தச் சேனல் என்று முதலில் பாருங்கள். விஜய் டிவி என்றால் ஜியோஹாட்ஸ்டார், சன் டிவி என்றால் சன் நெக்ஸ்ட், ஜீ தமிழ் என்றால் ஜீ5. சீரியலுக்கு இதில் மாற்று கிடையாது. படங்கள் அப்படியல்ல, உரிமம் முடிந்ததும் வேறு தளத்துக்குப் போய்விடும். அதனால் படத்துக்காக மட்டும் வருடச் சந்தா கட்டாதீர்கள், மாதச் சந்தாவே போதும்.

நெட்ஃபிளிக்ஸில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 2021 டிசம்பரில் இந்தியாவில் விலை குறைத்தபோது மொபைல் திட்டம் 149 ரூபாய், பேசிக் 199 ரூபாய் ஆனது. மொபைல் திட்டம் டிவியில் ஓடாது, போனிலிருந்து டிவிக்கு அனுப்பவும் முடியாது. டிவி இருந்தால் குறைந்தது பேசிக் வேண்டும். அதிலும் 720பி தான், ஒரு நேரத்தில் ஒரே திரை.

காசு கட்டியும் ஆண்ட்ராய்டு போனில் படம் மங்கலாகத் தெரிகிறதா? நெட்ஃபிளிக்ஸ் செயலியின் அமைப்புகளில் 'பிளேபேக் ஸ்பெசிஃபிகேஷன்' திறந்து வைட்வைன் (படத்தைத் திருட்டு நகலிலிருந்து காக்கும் பூட்டு) வரியில் எந்த நிலை என்று பாருங்கள். எல்3 என்றிருந்தால் அந்தப் போனில் எச்டி வராது. திட்டத்தை உயர்த்துவது வீண் செலவு. எல்1 என்றால் இணைய வேகத்தைச் சோதியுங்கள்: 1080பிக்கு 5 எம்பிபிஎஸ், 4கேவுக்கு 15 எம்பிபிஎஸ் தேவை. 4கே ஒரு மணி நேரத்துக்கு 7 ஜிபி வரை இழுக்கும், மொபைல் டேட்டாவில் தாங்காது.