மாத்திரையை ஒளித்து வைக்காதீர்கள்: வாசகர் கேள்விகள்

கருணைக்கொலை பாவமா டாக்டர்? (திருச்சி)

எதைக் கேட்கிறீர்கள்? ஊசி போட்டு உயிரை எடுப்பதையா, வென்டிலேட்டரை நிறுத்துவதையா? முதலாவது இந்தியாவில் குற்றம். இரண்டாவதை, தேற வழியே இல்லாத நோயாளிக்கு, மருத்துவக் குழுக்கள் பார்த்து ஒப்புக்கொண்டால் செய்யலாம் என்று 2018-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டையும் ஒரே பெயரில் போட்டுக் குழப்பிக்கொண்டு பாவக்கணக்குப் பார்க்காதீர்கள்.

அம்மாவுக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது. இங்கே கருணைக்கொலைக்குச் சட்டம் இருப்பதால் அவருக்காக நாங்கள் கேட்கலாமா? அப்படிச் செய்தால் இறந்தபின் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு ஐயர் வருவாரா? (டொராண்டோ)

கேட்க முடியாது. கனடாவில் 2016 முதல் இருக்கும் சட்டப்படி நோயாளி தானே கேட்க வேண்டும், பிள்ளைகள் கேட்டால் செல்லாது. அம்மா என்ன சொல்கிறார் என்று இவ்வளவு நீளக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே! சைவத்தில் எல்லோருக்கும் சேர்த்துத் தீர்ப்பு சொல்ல ஒரு பீடம் கிடையாது, ஐயரிடமே கேளுங்கள்.

நாங்கள் கத்தோலிக்கர். அப்பாவுக்கு வென்டிலேட்டர் வேண்டாம் என்றால் பாவமா? (நாகர்கோவில்)

இல்லை. பலனுக்கு மிஞ்சிய சிகிச்சையை மறுக்கலாம் என்பதுதான் உங்கள் திருச்சபையின் போதனையே. குழாய் வழியாகக் கொடுக்கும் உணவும் தண்ணீரும் வேறு விஷயம், பங்குத்தந்தையிடம் பேசுங்கள்.

அப்பாவுக்கு எலும்பில் பரவிய கேன்சர். வலிக்கு மார்பின் மருந்து கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவாராமே, அந்தப் பாவம் எங்களுக்கா? (சேலம்)

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை, அலுத்துவிட்டது. சின்ன அளவில் தொடங்கி, நாலு மணிக்கொரு தடவை கொடுத்து, வலியைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் மார்பின் ஆளைக் கொல்லாது. மலச்சிக்கல் வரும், அதற்குக் கூடவே மருந்து எழுதுவோம். முதல் சில நாள் கண் சொக்கும், வலியில் தூங்காத ஆள் தூங்கத்தானே செய்வார்? கருணைக்கொலையை அடியோடு எதிர்க்கிற திருச்சபையின் போப் பன்னிரண்டாம் பயஸ்கூட, வேறு வழியில்லாதபோது ஆயுள் சற்றுக் குறைந்தாலும் வலிமருந்து கொடுக்கலாம் என்று 1957-ல் சொல்லியிருக்கிறார். நான் பார்த்த ஒரு பாட்டி, புரண்டு படுக்க முடியாமல் மூன்று வாரமாக முனகிக்கொண்டிருந்தார். மாத்திரை எங்கே என்றேன். மகள் பூஜை அலமாரியில் முருகன் படத்துக்குப் பின்னால் கையை விட்டு, குங்குமம் ஒட்டிய அட்டையை எடுத்து வந்தார், ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. “நானே கொன்ன மாதிரி ஆயிடுமே சார்” என்று அழுதார். அன்று சாயங்காலம் முதல் மாத்திரை கொடுத்தோம். இரண்டு நாள் கழித்துப் பாட்டி சாய்ந்து உட்கார்ந்து ரசம் சாதம் கேட்டார், அப்புறமும் இரண்டு மாதம் போல இருந்தார். கும்பிடுங்கள், விபூதி பூசுங்கள், கூடவே மாத்திரையையும் கொடுங்கள். அளவை மட்டும் நீங்களாக மாற்றாதீர்கள்.

கோப்பெருஞ்சோழன் உண்ணாமல் வடக்கிருந்து உயிர்விட்டான், சமணர் சல்லேகனை என்று சாகும்வரை உண்ணாநோன்பு இருக்கிறார்கள், நமக்கு மட்டும் ஏன் தடை? (சென்னை)

சோழன் வடக்கிருந்தது பிள்ளைகளோடு வந்த பகையால், நோயால் அல்ல. சல்லேகனையை 2015-ல் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் குற்றம் என்றது, அதே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. அது விரதம், டாக்டர் அதில் எதுவும் செய்வதில்லை.

கடைசி நேரத்தில் வென்டிலேட்டர் வேண்டாம் என்று உயிலைப்போல முன்கூட்டியே எழுதி வைக்க மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டுமா? (கோவை)

வேண்டாம். 2023-லிருந்து இரண்டு சாட்சிகளும் நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ போதும். நல்ல நினைவு இருக்கும்போதே எழுதுங்கள். நகலை மகனிடமும் குடும்ப டாக்டரிடமும் கொடுத்துவிடுங்கள். பேங்க் லாக்கரில் வைத்தால் பதினாறாம் நாள் காரியம் முடிந்துதான் அதை யாராவது படிப்பார்கள்.