வந்ததாம், வந்தது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கடலூரில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து மாவட்டத்தின் புயல், வெள்ளம் பற்றிய குறிப்புகளைச் சேர்த்து வருகிறோம். 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் புயல் என்று பத்திரிகைச் செய்தி, அரசு அறிக்கை, ஊர்க்காரர்கள் சொன்னது எல்லாமாக 1,400 குறிப்புகள் உள்ளன. யாரும் படிப்பதில்லை. புயலுக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று என்று தொகுப்புக் கட்டுரை இருந்தால் தன்னார்வலர்கள் படிப்பார்கள் என்று ஏஐயிடம் கொடுத்தோம். அருமையாக எழுதித் தந்தது. புதுக் குறிப்பு வரவர அந்தக் கட்டுரையையே திரும்பக் கொடுத்துத் திருத்தச் சொன்னோம். நாலைந்து சுற்று போனதும் எது எங்கள் குறிப்பில் இருந்தது, எது அதுவாகச் சேர்த்தது என்றே தெரியவில்லை. இந்த வேலையை ஏஐயிடம் விடலாமா? விட்டால் எப்படி?

எஸ்., மஞ்சக்குப்பம்

அன்புள்ள எஸ்.,

விடலாம். ஒரே ஒரு காரியத்தை மட்டும் நிறுத்துங்கள். அது எழுதிய கட்டுரையை அதற்கே மூலமாகக் கொடுக்காதீர்கள். உங்கள் சிக்கல் முழுவதும் அங்கேதான் தொடங்கியிருக்கிறது.

தேவனாம்பட்டினத்தில் ஒருவர் சொன்னதாக இப்படி ஒரு குறிப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம்: ‘அன்னிக்கு ராத்திரி கோயில் படி வரைக்கும் தண்ணி வந்துச்சாம், எங்க அண்ணன் சொன்னாரு.’ முதல் சுற்றில் ஏஐ ‘கோயில் படிவரை தண்ணீர் வந்ததாகக் கூறப்படுகிறது’ என்று எழுதும். அதைக் கொடுத்துத் திருத்தச் சொன்னால் ‘கோயில் படிவரை தண்ணீர் வந்தது’ என்று ஆகும். அடுத்து ‘கோயில் வரை கடல்நீர் புகுந்தது’. அதற்கும் அடுத்து ‘கோயில் பகுதி நீரில் மூழ்கியது’. எந்தச் சுற்றிலும் அது புதுக்கதை கட்டவில்லை, வாக்கியத்தைக் கொஞ்சம் சீராக்கியது, அவ்வளவுதான். ‘வந்துச்சாம்’ என்பதில் உள்ள அந்த ‘ஆம்’, நான் பார்க்கவில்லை, கேள்விப்பட்டேன் என்று சொல்கிறது. சீராக்கும்போது முதலில் உதிர்வது அதுதான். வெள்ளத்தின்போது எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்று முடிவெடுக்கப் போகிறவருக்கு அந்த ‘ஆம்’ மிக முக்கியம்.

ஆகவே குறிப்புகள் ஒரு கோப்புறையில், கட்டுரைகள் வேறொன்றில். குறிப்புக் கோப்புறையில் ஏஐ எழுதவே கூடாது, படிக்க மட்டும் அனுமதி. கட்டுரை எப்போது வேண்டுமானாலும் அழித்து மறுபடி உருவாக்கக்கூடியதாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் எளிய உரைக்கோப்புகளாக வைத்து, கிட் (Git) போன்ற, கோப்பின் ஒவ்வொரு மாற்றத்தையும் நாளோடு சேமிக்கும் மென்பொருளில் மாற்றங்களைப் பதிந்துவாருங்கள். எந்த வரி என்றைக்கு மாறியது என்று பார்க்க முடியாவிட்டால் பராமரிப்பு என்ற பேச்சே இல்லை.

ஒவ்வொரு குறிப்புக்கும் மாறாத எண் ஒன்று கொடுங்கள், கு-0412 என்பதுபோல. அதன் தலையில் நான்கு விவரங்கள் போதும்: எங்கிருந்து வந்தது, எழுதிய நாள், சம்பவம் நடந்த நாள், சாட்சி எந்த வகை (நேரில் பார்த்தது, கருவியின் அளவு, அரசு அறிவிப்பு, பத்திரிகை, கேள்விப்பட்டது). எழுதிய நாளையும் நடந்த நாளையும் ஒன்றாகப் போட்டுவிடாதீர்கள். தமிழ்ச் செய்திகளில் ‘நேற்று’, ‘நேற்று முன்தினம்’ ஏராளம். நாள் தெளிவாக இல்லாவிட்டால் ஏஐ தானாக ஒன்றைக் கணக்குப் போட்டுக்கொள்ளும்.

எழுதும் வேலையை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டுரைக்கு 15 முதல் 40 குறிப்புகள் வரை போகலாம். அதற்கு மேல் போனால் தலைப்பையே இரண்டாக்குங்கள். நீளமாகக் கொடுத்தால் நடுவில் உள்ளவற்றை அது நழுவவிடும். அதே செய்திக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழ் அதிக டோக்கன் (ஏஐ உரையை உடைத்துப் படிக்கும் துண்டு) எடுத்துக்கொள்வதால் நமக்கு இடம் இன்னும் சீக்கிரம் நிறைகிறது. முதல் கட்டத்தில் கட்டுரை கேட்காதீர்கள், அட்டவணை கேளுங்கள். வரிக்கு ஒரு கூற்று, பக்கத்தில் குறிப்பு எண், சாட்சி வகை, குறிப்பில் உள்ள அசல் சொற்கள். அந்த அட்டவணையை ஒருவர் உட்கார்ந்து படிக்க வேண்டும். இரண்டாம் கட்டத்தில் அட்டவணையிலிருந்து மட்டும் 600 முதல் 900 சொல்லுக்குள் எழுதச் சொல்லுங்கள், ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் குறிப்பு எண்ணோடு. எண் இல்லாத வாக்கியம் என்றால், எவ்வளவு அழகாக இருந்தாலும் வெட்டிவிடுங்கள். மூன்றாவது, சரிபார்ப்பு. இதைப் புதிய உரையாடலில் செய்ய வேண்டும். எழுதிய உரையாடலிலேயே ‘சரியா?’ என்று கேட்டால் பெரும்பாலும் தன் எழுத்துக்கே வக்காலத்து வாங்கும். ஒரு வாக்கியத்தையும் அதன் குறிப்பையும் மட்டும் கொடுத்து, குறிப்பு சொல்வதைவிட வாக்கியம் கூடுதலாக ஏதாவது சொல்கிறதா என்று கேளுங்கள்.

இதோடு சின்ன நிரல் ஒன்று. கட்டுரையில் வரும் மழையளவு, தேதி போன்ற ஒவ்வொரு எண்ணும் அந்த வாக்கியம் காட்டும் குறிப்பில் அப்படியே இருக்கிறதா என்று நிரல் பார்க்கும். ஏஐ தேவையில்லை, நிரல் எழுதத் தெரிந்தவருக்கு ஒரு மாலை வேலை. அதற்காகவே குறிப்பிலும் கட்டுரையிலும் எண்களை இலக்கத்தில் எழுதுங்கள். ‘நாற்பத்தாறு’ என்று எழுதினால் நிரல் கண்டுகொள்ளாது.

எண் சரியாக இருந்தும் அர்த்தம் தவறுவது இதைவிடப் பெரிய தொல்லை. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அங்கே பெய்த மழைக்கு 46 செ.மீ. என்றும் 48 என்றும் 49 என்றும் செய்திகள் வந்தன. உங்கள் குறிப்புகளிலும் மூன்றும் இருக்கும். ஏஐயிடம் விட்டால் ‘46 முதல் 49 செ.மீ. வரை’ என்று சமரசம் செய்துவைக்கும். மழையளவுக்கு அப்படி ஒரு வரம்பே கிடையாது. எந்த மணியிலிருந்து எந்த மணிவரை அளந்தது என்பதைப் பார்க்க வேண்டும். வானிலைத் துறையின் மழை நாள் காலை 8:30க்குத் தொடங்கி மறுநாள் காலை 8:30க்கு முடிகிறது. அதனால் நவம்பர் 30 அன்று பெய்த மழையின் பெரும்பகுதி டிசம்பர் 1 கணக்கில் வரும். குறிப்பில் நேரம் இருந்தால் எழுதுங்கள், இல்லையென்றால் ‘நேரம் குறிப்பிடப்படவில்லை’ என்று எழுதுங்கள். அடுத்தது சாத்தனூர் அணை. டிசம்பர் 2 அன்று 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டதாகச் செய்தி. ‘வினாடிக்கு’ என்ற சொல்லை நம் செய்திகள் பாதி நேரம் விட்டுவிடுகின்றன. வினாடிக்கு இத்தனை கன அடி என்பது நீர் பாயும் வீதம், டி.எம்.சி. என்பது நீரின் கொள்ளளவு. இரண்டும் ஒரே பத்தியில் வந்தால் ஏஐ குழப்பிக்கொள்ள இடமுண்டு. பயிர்ச்சேதக் குறிப்புகளில் காணி வரும். ‘3 காணி முந்திரி போச்சு’ என்பது ‘3 ஏக்கர்’ ஆகிவிடும். ஒரு காணி 1.32 ஏக்கர், மூன்று காணி கிட்டத்தட்ட 4 ஏக்கர். குறிப்பில் உள்ள அலகை மாற்றக் கூடாது என்று விதியாகவே எழுதிவையுங்கள்.

பெயர்ப்பட்டியல் ஒன்றும் கூடவே போக வேண்டும். ஃபெஞ்சல், பெஞ்சல், ஃபெங்கல் ஒரே புயல். திருப்பாதிரிப்புலியூர், திருப்பாப்புலியூர் ஒரே ஊர். கடலூர் ஓ.டி., முதுநகர் இரண்டும் ஒன்று. புதுச்சேரி என்றால் நகரமா, காரைக்காலையும் சேர்த்த ஒன்றியப் பிரதேசமா என்பதை ஒவ்வொரு இடத்திலும் தெளிவாக்க வேண்டும். ஆங்கிலச் செய்திகளையும் சேர்க்கிறீர்கள் என்றால் நீலகிரி கூடலூரின் நிலச்சரிவு நம் கடலூர்க் கட்டுரைக்குள் வந்து உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முரண்களைத் தீர்க்கும் அதிகாரத்தை ஏஐக்குக் கொடுக்காதீர்கள். சுவடிப் பதிப்பில் நம்மிடம் ஏற்கெனவே நல்ல வழக்கம் உண்டு: ஒன்றைப் பாடமாகக் கொண்டு, மற்றதைப் பாடபேதமாக அடியில் காட்டுவது. கட்டுரையின் கடைசியில் ‘முரண்கள்’ என்று ஒரு பகுதி வைத்து அப்படியே செய்யுங்கள். சுவடிக்காரர்களிடம் கற்க வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. ஒரே ஏட்டைப் பார்த்து எழுதிய பத்துப் படிகள் பத்துச் சாட்சி ஆகா. ஒரு செய்தி நிறுவனத்தின் தகவலை ஆறு நாளிதழ்கள் போட்டிருந்தால் ஏஐ அதை ‘பல செய்திகள் உறுதிப்படுத்துகின்றன’ என்று எழுதும். அவை ஆறும் ஒரே சாட்சி என்று குறிப்பிலேயே கட்டிவையுங்கள். சில சமயம் முரண்போலத் தெரிவது முரணாகவே இருக்காது. புதுச்சேரி இந்தியாவோடு இணைந்தது 1954 நவம்பர் 1 என்று ஒரு குறிப்பும் 1962 ஆகஸ்ட் 16 என்று இன்னொன்றும் சொன்னால் இரண்டும் சரி. முன்னது நிர்வாகம் கைமாறிய நாள், பின்னது சட்டப்படி இணைந்த நாள். விஷயம் தெரிந்த மனிதர் தேவைப்படுவது இங்கேதான்.

புதுப்பிக்கும் முறை இது. புதுக் குறிப்பு வந்ததும் அது எந்தெந்தக் கட்டுரையைத் தொடும் என்று ஏஐயிடம் கேளுங்கள். தொடும் பத்தியையும், அதற்கு ஆதாரமான பழைய குறிப்புகளையும், புதுக் குறிப்பையும் சேர்த்துக் கொடுங்கள். அந்தப் பத்திக்கு மட்டும் மாற்றம் முன்மொழியட்டும், மற்ற வரிகளில் கை வைக்கக் கூடாது. பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து ஒருவர் ஒப்புதல் தர வேண்டும். ஒரு குறிப்பு தவறென்று தெரிந்தால் அழிக்காதீர்கள், ‘விலக்கப்பட்டது’ என்று காரணத்தோடு குறியுங்கள். பிறகு கு-0412 என்று தேடினால் அதை நம்பி நிற்கும் வாக்கியங்கள் எல்லாம் கிடைக்கும். வருடத்துக்கு ஒருமுறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் செப்டம்பரில், ஒவ்வொரு கட்டுரையையும் குறிப்புகளிலிருந்து மட்டுமே புதிதாக எழுதச் சொல்லிப் பழையதோடு ஒப்பிடுங்கள். எங்கே விலகியிருக்கிறது என்று அப்போது தெரியும்.

நிவாரண முகாம், தொலைபேசி எண், படகு வைத்திருப்பவர் விவரம் ஆகியவற்றைக் கட்டுரைக்குள் விடவே கூடாது. அவை தனி அட்டவணையாக, மனிதர் கையால் திருத்துவதாக இருக்கட்டும். பத்திக்குள் புதைந்த பழைய எண்ணை யாரும் கவனிக்க மாட்டார்கள், புயல் ராத்திரியில் அதைத்தான் அழைத்துக்கொண்டிருப்பார்கள். வாய்மொழியாகச் சொன்னவர்களின் பெயர், வீடு, இழப்பு விவரங்களை நீக்கிவிட்டு அந்தக் குறிப்புகளை ஏஐக்குக் கொடுங்கள். உங்களை நம்பிச் சொன்னது அது.

1,400ஐயும் ஒரே மூச்சில் எடுக்காதீர்கள். ஃபெஞ்சலில் தொடங்குங்கள். சொன்னவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள், சந்தேகம் வந்தால் போய்க் கேட்கலாம். முதல் அட்டவணை தயாரானதும் ‘கேள்விப்பட்டது’ என்று குறித்த வரிகளை மட்டும் அச்செடுத்துக்கொண்டு தேவனாம்பட்டினம் போய்வாருங்கள்.