லாஜிஸ்டிக்ஸ் என்றால் டிரான்ஸ்போர்ட்தானா? தமிழில் எப்படிச் சொல்வது?

இல்லை. திருப்பூரில் ஏற்றுமதிச் சரக்கு அனுப்பும் ஆபீஸில் ஒன்பது வருடமாக இருக்கிறேன், என் வேலையைச் சொன்னால் எல்லோரும் ‘ஓ, டிரான்ஸ்போர்ட்டா’ என்றுதான் கேட்கிறார்கள். வண்டி அதில் ஒரு பகுதி. எந்தப் பொருள், எவ்வளவு, எதற்கு அப்புறம் எது, யார் கையில் எப்போது சேர வேண்டும், அங்கே அதை இறக்க ஆள் நிற்கிறாரா, இத்தனையையும் முன்கூட்டியே கணக்குப் போட்டு நடத்துவதுதான் லாஜிஸ்டிக்ஸ்.

பிரெஞ்சு ராணுவப் பேச்சிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் பரவிய சொல் இது. படை நகர்ந்தால் தங்க இடம், சோறு, குதிரைக்குத் தீவனம் எல்லாம் கூடவே நகர வேண்டுமே.

எனக்குத் தெரிந்து இதற்கு பெர்லினை விட நல்ல உதாரணம் இல்லை. 1948 ஜூனில் சோவியத் படை, அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் கையில் இருந்த மேற்கு பெர்லினுக்குப் போகும் சாலை, ரயில், படகுப் பாதை எல்லாவற்றையும் அடைத்துவிட்டது. உள்ளே 20 லட்சம் பேருக்கு மேல். அமெரிக்காவும் பிரிட்டனும் விமானத்திலேயே சாப்பாடும் நிலக்கரியும் கொண்டுபோனார்கள், 1949 செப்டம்பர் வரை ஏறத்தாழ 23 லட்சம் டன், அதில் பெரும்பங்கு நிலக்கரி. விமானம் இருந்ததால் மட்டும் இது நடக்கவில்லை. மூன்று நிமிடத்துக்கு ஒன்று என்று வரிசையாக இறங்க வைத்தார்கள். முதல் முயற்சியில் இறங்க முடியாத விமானி வானத்தில் வட்டமடிக்கக் கூடாது, சரக்கோடு அப்படியே திரும்ப வேண்டும். இறங்கிய விமானி கேன்டீனுக்குப் போய் நேரத்தைக் கழிக்காமல் இருக்க, சிற்றுண்டி வண்டியே விமானத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. உப்பு உலோகத்தை அரிக்கும் என்பதால், கடல்நீரைத் தாங்கும்படி செய்த நீர்விமானங்களில் அதை ஏற்றி பெர்லினில் ஹாவெல் ஆற்றின் நீர்ப்பரப்பில் இறக்கினார்கள். இந்த சிற்றுண்டி வண்டியை யோசித்த மூளைதான் லாஜிஸ்டிக்ஸ்!

எங்களுக்கும் ஒருமுறை பட்டுத் தெரிந்தது. தூத்துக்குடிக்கு கண்டெய்னர் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, ஆனால் பேக்கிங் லிஸ்ட்டில் (எத்தனை பெட்டி, உள்ளே என்ன என்ற பட்டியல்) 412 பெட்டி, ஷிப்பிங் பில்லில் (சுங்கத்துக்குக் கொடுக்கும் ஏற்றுமதிப் பத்திரம்) 421. அதைத் திருத்துவதற்குள் கட்-ஆஃப், அதாவது அந்தக் கப்பலுக்குச் சரக்கை ஏற்றுக்கொள்ளும் கடைசி நேரம், முடிந்து கப்பல் போய்விட்டது. டிரைவர் மேல் ஒரு குறையும் இல்லை, ராத்திரி முழுக்க ஓட்டி வந்தவர்.

சரி, தமிழில்? மொழிபெயர்ப்புக் கருவிகள் ‘தளவாடங்கள்’ என்று போடுகின்றன, தயவுசெய்து அதை அப்படியே எடுத்து எழுதாதீர்கள். தளவாடம் என்றால் கருவி, சாமான். போர்த் தளவாடம் என்றுதான் நமக்குப் பழக்கம். வெள்ள நிவாரணச் செய்தியில் ‘தளவாட ஆதரவு’ என்று படிக்கும் ஒருவருக்கு படகும் பால் பாக்கெட்டும் மனதில் வராது. கல்யாணமோ மாநாடோ என்றால் ‘ஏற்பாடுகள்’ போதும், ‘பந்தி ஏற்பாடெல்லாம் யார் பார்க்கிறா?’ என்று நம் வீட்டில் கேட்பது இதையேதான். தொழிலைச் சொல்லும்போது லாஜிஸ்டிக்ஸ் என்றே எழுதலாம், திருப்பூரில் லோடுமேன் வரைக்கும் எல்லோருக்கும் புரியும்.