காலாவதியாகப் போகும் ஜிஆர்இ மார்க்: மறுபடியும் எழுதணுமா?

கேள்வி: பையன் 2021 டிசம்பர் 12 அன்று அமெரிக்க மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வு எழுதி 318 வாங்கினான். சரவணம்பட்டியில் வேலை கிடைத்ததும் எம்.எஸ். பேச்சை விட்டுவிட்டான். இப்போது 2027 ஆகஸ்டில் அமெரிக்காவில் சேரணும் என்கிறான். பழைய மார்க் செல்லுமா, திரும்பப் பணம் கட்டணுமா? (ஒரு அப்பா, கோபி)

செல்லும்ங்க, ஆனால் எல்லாக் காலேஜுக்கும் செல்லாது. ஜிஆர்இ மார்க்குக்கு ஆயுள், எழுதிய நாளிலிருந்து 5 வருஷம். உங்கள் பையனுக்கு 2026 டிசம்பர் 12-ஐ ஒட்டி முடிகிறது. அதற்கப்புறம் தேர்வை நடத்தும் ஈடிஎஸ் அந்த மார்க்கை யாருக்கும் அனுப்பாது. 'பிடிஎஃப் கையில் இருக்கே' என்றால், அது நம் வீட்டு பீரோவுக்குத்தான் ஆகும். காலேஜ் கடைசியில் கேட்பது ஈடிஎஸ் நேராக அனுப்பும் ரிப்போர்ட்டை.

ஆகஸ்ட் சேர்க்கைக்கு விண்ணப்பக் கடைசித் தேதிகள் பெரும்பாலும் டிசம்பர் தொடக்கத்திலிருந்து பிப்ரவரி வரை வரும். டிசம்பர் 1 கடைசி என்கிற காலேஜுக்குப் பிரச்சினை இல்லை. டிசம்பர் 15 என்றால் மூன்று நாளில் கோட்டை விடுகிறோம். இதோடு இன்னொரு வில்லங்கமும் உண்டு. சில இடங்களில் விண்ணப்பம் போடும் நாளில் மார்க் உயிரோடு இருந்தால் போதும். சில இடங்களில் கடைசித் தேதியைப் பார்ப்பார்கள். வகுப்பு தொடங்கும் நாள் வரை செல்லணும் என்கிற இடமும் இருக்கிறது. அங்கே இந்த 318-ஐ இன்றைக்கே அனுப்பினாலும் பிரயோசனம் இல்லை.

அதனால் முதல் வேலை ஒரு மெயில். 'என் தேர்வுத் தேதி இது, இந்த நாளில் காலாவதி ஆகிறது. உங்கள் விதிப்படி மார்க் எந்த நாளில் செல்லுபடியாக இருக்கணும்: விண்ணப்ப நாளா, கடைசித் தேதியா, வகுப்பு தொடங்கும் நாளா? அதற்கு முன்பே ரிப்போர்ட் வந்து சேர்ந்துவிட்டால் ஏற்பீர்களா?' இவ்வளவுதான். துறைக்கும் பட்டமேற்படிப்புச் சேர்க்கை அலுவலகத்துக்கும் சேர்த்தே அனுப்பச் சொல்லுங்க. இரண்டு இடத்துப் பதிலும் ஒன்றாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். போனில் சொன்ன பதிலை நம்பி உட்காராதீங்க, எழுத்தில் வாங்குங்க. அந்த மெயிலிலேயே ஜிஆர்இ கட்டாயமா என்றும் கேட்கலாம். கட்டாயம் இல்லாத படிப்புகள் இப்போது நிறைய. 318 அந்தக் காலேஜுக்குக் குறைவு என்று பட்டால் அனுப்பாமலே விடலாம்.

ஏற்பார்கள் என்று பதில் வந்த காலேஜுக்கு மட்டும் ரிப்போர்ட்டுக்குப் பணம் கட்டுங்க. ஒவ்வொரு காலேஜுக்கும் தனித்தனியாகக் கட்டணும். ஆத்துல போட்டாலும் அளந்து போடணுமில்லைங்களா? டிசம்பர் 11 வரை இழுக்காமல் தீபாவளிக்குள் அனுப்பி முடிச்சிருங்க. தேர்வு நாளில் இலவசமாக நாலு காலேஜுக்கு அனுப்பியதை இப்போது கணக்கில் எடுக்க வேண்டாம். விண்ணப்பமே போடாத ஒருவரின் ரிப்போர்ட்டை ஐந்து வருஷம் பத்திரமாக வைத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

நம் பிள்ளைகள் அதிகம் மாட்டுவது பெயரில். பத்தாவது மார்க் சீட்டில் 'கே. கார்த்திக்', பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் அப்பா பெயர் 'குப்புசாமி', ஈடிஎஸ் கணக்கில் வெறும் 'கே' என்று இருந்தால், காலேஜ் கம்ப்யூட்டரில் ரிப்போர்ட் ஒரு பக்கம், விண்ணப்பம் ஒரு பக்கம் கிடக்கும். 'மார்க் வரவில்லை' என்று மெயில் வரும்போது தேதி தாண்டியிருக்கும். விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரும் பிறந்த தேதியும் கொடுத்து, ஈடிஎஸ் கணக்கில் பெயர் வேறு மாதிரி இருந்தால் பதிவு எண்ணோடு சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதிப் போடுங்க. பாஸ்வேர்டு மறந்துபோச்சு என்று புதுக் கணக்கு திறக்கவே கூடாது. பழைய மார்க் பழைய கணக்கில்தான் இருக்கும்.

பார்த்து வைத்த காலேஜில் பாதிக்கு மேல் 'வகுப்பு தொடங்கும் நாள்' என்று பதில் சொன்னால், யோசிக்காமல் மறுபடி எழுதுவதே மேல். செலவு ஆகும்தான், ஆனால் ஒரு வருஷம் தள்ளிப்போனால் போகிற சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்க. 2023 செப்டம்பரிலிருந்து தேர்வும் சுருங்கிவிட்டது: 1 மணி 58 நிமிஷம், ஒரே கட்டுரை. பழைய புத்தகத்தில் இருக்கும் மாதிரித் தேர்வுகளை அப்படியே நம்ப வேண்டாம். மார்க் வர 8 முதல் 10 நாள், மறுமுறை எழுத 21 நாள் இடைவெளி. டிசம்பர் 15-ஐ மனதில் வைத்தால் முதல் முயற்சி அக்டோபர் கடைசிக்குள் முடியணும். வீட்டிலிருந்தே எழுதுவதாக இருந்தால், உங்கள் ஊர்த் துணை மின்நிலையத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள் எது என்று பார்த்துவிட்டுத் தேதி போடுங்க.

ஜிஆர்இ பற்றியே கவலைப்பட்டு ஆங்கிலத் தேர்வை மறந்துவிடுகிறார்கள். ஐஇஎல்டிஎஸ், டோஃபல் இரண்டுக்கும் ஆயுள் 2 வருஷம்தான். 2021-ல் ஜிஆர்இயோடு சேர்த்து எழுதியிருந்தால் அது எப்போதோ போய்விட்டது. அதற்கும் இப்போதே தேதி எடுங்க.

பையன் உள்ளூரிலேயே எம்.டெக். படிக்கலாமா என்றும் யோசித்தால், அதற்கான கேட் நுழைவுத் தேர்வு மார்க் முடிவு வந்த நாளிலிருந்து 3 வருஷம் செல்லும். 2024 கேட் 2026 சேர்க்கை வரைக்கும்தான் கைகொடுக்கும். 2027-க்கு 2025-லோ அதற்குப் பிறகோ எழுதிய கேட் வேண்டும்.