கடைசிப் பக்கத்தில் யார் பேசுகிறார்?

கேள்வி: ஐந்து வருடமாகச் சிறுகதை எழுதுகிறேன். குடியால் குடும்பத்தைப் பிரிந்தவன் மனந்திரும்பி வீடு வரும் கதையைப் பத்திரிகைக்கு அனுப்பினேன். 'பிரசங்கம் போல் இருக்கிறது' என்று திருப்பிவிட்டார்கள். கதையை இத்துடன் வைத்திருக்கிறேன். ஆண்டவருக்காக எழுதும்போது ஆண்டவரை எப்படி மறைப்பது? இது என் அழைப்பு இல்லையோ?
- ஒரு வாசகி

பதில்: சகோதரி, கதையை இரண்டு முறை வாசித்தேன். கதவைத் தட்டக் கையைத் தூக்கிவிட்டு, தட்டாமலே இறக்கிவிடுகிறானே, அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. அப்புறம் போதகர் வந்து ஒன்றரைப் பக்கம் பேசுகிறார். அவர் சொல்வதில் ஒரு வார்த்தைகூடத் தவறில்லை. ஆனால் அவர் பேச ஆரம்பித்ததும் அந்த மனிதன் காணாமல் போய்விட்டான்.

ஆண்டவரை மறைக்க வேண்டாம். லூக்கா சுவிசேஷம் 15-இல் இயேசு சொல்லும் கெட்ட குமாரன் உவமையைக் கதை எழுதுகிறவராக ஒருமுறை வாசித்துப் பாருங்கள். இளைய மகன் தூர தேசத்தில் பட்டினி கிடக்கும்போதே அப்பாவிடம் பேச வேண்டியதைத் தயார் செய்துகொள்கிறான்: பாவம் செய்தேன், உம்முடைய மகன் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை, கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும். இது 18, 19ஆம் வசனங்களில். வீட்டுக்கு வந்து அதையே 21ஆம் வசனத்தில் சொல்கிறான், ஆனால் கூலிக்காரன் என்ற பகுதி அங்கே இல்லை. அதற்குள் அப்பா, நல்ல வஸ்திரத்தைக் கொண்டுவாருங்கள் என்று வேலைக்காரரிடம் சொல்லத் தொடங்கிவிடுகிறார். மன்னிப்பு என்ற சொல்லே அந்த உவமையில் கிடையாது. ஓடி வந்த அப்பாவும் மகன் சொல்லி முடிக்காத ஒரு வாக்கியமும் போதுமாக இருக்கின்றன. தம்பிக்கு விருந்து என்று கோபித்து வெளியே நின்ற மூத்தவன் கடைசியில் வீட்டுக்குள் போனானா? அதையும் இயேசு சொல்லவில்லை. பாவிகளோடு இயேசு சாப்பிடுகிறாரே என்று முறுமுறுத்த பரிசேயரை, அதாவது கண்டிப்பான யூத மதக் குழுவினரை, மூத்தவனோடு வாசலிலேயே நிற்க வைத்துவிட்டுக் கதையை முடிக்கிறார்.

அதனால் போதகரின் பேச்சை முழுவதும் எடுத்துவிடுங்கள். மனைவி கதவைத் திறக்கட்டும். அவள் உடனே மன்னித்துவிட வேண்டாம். இத்தனை வருடம் பட்டவள் அவள். 'உடைக்கப்பட்டான்', 'தொடப்பட்டான்' போன்ற சொற்கள் சபையில் வளர்ந்தவருக்குப் புரியும், மற்றவருக்கு வெறும் சத்தம்தான். அந்த நேரத்தில் அவன் கை என்ன செய்தது, யார் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று எழுதுங்கள். மனந்திரும்பியவனுக்கும் மறுநாள் குடிக்கத் தோன்றும். அதை எழுதினால் விசுவாசம் குறைந்துவிடுமோ என்று பயப்படாதீர்கள். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது.

அழைப்பைப் பற்றிக் கேட்டீர்கள். ஒரு கதை திரும்பி வந்ததை வைத்து அதை முடிவு செய்யக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். எரேமியா தீர்க்கதரிசி சொல்லச் சொல்ல அவருடைய எழுத்தர் பாருக்கு எழுதிய சுருளை யோயாக்கீம் ராஜா நெருப்பில் போட்டு எரித்தான். இருவரும் இன்னொரு சுருளை எடுத்து முதலிலிருந்து எழுதினார்கள். முதல் சுருளில் இல்லாத பல வார்த்தைகளும் இதில் சேர்ந்தன என்கிறது எரேமியா 36.

திருத்தி எழுதியதும், சபைக்குப் போகாத ஒரு தோழியை வைத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அவர் எங்கே வேகமாகத் தாண்டுகிறார் என்று மட்டும் கவனியுங்கள். அப்புறம் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். கதவைத் திறந்ததும் அந்த மனைவி முதலில் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.