டோபமைன் என்றால் மகிழ்ச்சி, செரட்டோனின் என்றால் அமைதி என்று சொல்வது சரியா?

கேள்வி: டோபமைன் சுரந்தால் மகிழ்ச்சி வரும், செரட்டோனின் குறைந்தால் மனச்சோர்வு வரும் என்று எங்கு பார்த்தாலும் சொல்கிறார்கள். நம்முடைய நடத்தை உண்மையிலேயே இந்த வேதிப்பொருட்களின் அளவைப் பொறுத்ததுதானா? அப்படியானால் ரத்தப் பரிசோதனை மூலம் அவற்றை அளந்து தெரிந்துகொள்ளலாமா?

பதில்: இரண்டு பகுதிகளுக்கும் என் விடை ‘இல்லை’ என்பதுதான். நான் சென்னையில் மருத்துவ மாணவர்களுக்கு மருந்தியல் கற்பிக்கிறேன். பார்க்கின்சன் நோயுள்ள என் அம்மாவை வீட்டில் கவனித்தும் வருகிறேன். ஒரு வேதிப்பொருளுக்கு ஒரு குணம் என்று பங்கு பிரித்துக் கொடுக்கும் பழக்கம் மருந்துகளைப் பற்றிய தவறான நம்பிக்கைகளுக்கும் தேவையற்ற பயங்களுக்கும் இடம் கொடுப்பதை இந்த இரண்டு இடங்களிலும் நாள்தோறும் பார்ப்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புச் செல்கள் இருப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். ஒரு செல்லின் முனைக்கும் அடுத்த செல்லுக்கும் நடுவே, ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாயிரமாகப் பிரித்தால் கிடைக்கும் அளவுக்குச் சிறிய இடைவெளி ஒன்று உண்டு. மின்துடிப்பு முனையை வந்தடைந்ததும் கால்சியம் உள்ளே நுழைய, நுண்பைகளில் சேர்த்து வைக்கப்பட்டிருந்த டோபமைன், செரட்டோனின் போன்ற வேதித்தூதர் அந்த இடைவெளியில் கொட்டப்பட்டு, எதிர்ச்செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பி என்ற புரதத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. பிறகு நொதியால் சிதைக்கப்பட்டோ, அனுப்பிய செல்லாலேயே திரும்ப உறிஞ்சப்பட்டோ அது அகற்றப்படுகிறது. தூதரின் வேலை ஒட்டுவதோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பின் செல் தூண்டப்படுமா, அடங்குமா, அல்லது தன் உள் அமைப்பையே மெல்ல மாற்றிக்கொள்ளுமா என்பதைத் தீர்மானிப்பது ஏற்பிதான். சில ஏற்பிகள் தாமே ஒரு வாயிலாக அமைந்து, மில்லிநொடிகளில் திறந்து அயனிகளை உள்ளே விடுகின்றன. வேறு சில, ஜி-புரதம் என்ற இடையாள் வழியாகச் செல்லுக்குள் ஒரு நீண்ட வேதிவினைத் தொடரைத் தொடங்கி வைக்கின்றன. இந்த இரண்டாம் வகையின் அமைப்பையும் செயலையும் விளக்கியதற்காகத்தான் ராபர்ட் லெஃப்கோவிட்ஸ், பிரையன் கோபில்கா இருவருக்கும் 2012இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஒரே தூதர் எப்படி எதிரெதிரான வேலைகளைச் செய்ய முடியும் என்பதற்கு, முதன்முதலில் அடையாளம் காணப்பட்ட வேதித்தூதரே சான்றாக நிற்கிறது. 1921இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஓட்டோ லோவி ஒரு தவளையின் இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைக் குறைத்தார். அந்த இதயம் மூழ்கியிருந்த திரவத்தை எடுத்து, நரம்பு தூண்டப்படாத இன்னொரு தவளை இதயத்தில் விட்டபோது அதுவும் மெதுவாகத் துடிக்கத் தொடங்கியது. அந்தத் திரவத்தில் இருந்தது அசிட்டைல்கோலின். இதே அசிட்டைல்கோலின்தான் நம் கை கால் தசைகளைச் சுருங்க வைப்பதும். இதயத்தை அடக்குகிற அந்தப் பொருள் தசையை இயக்குவதற்குக் காரணம், இதயத்தில் உள்ளவை மஸ்கரினிக் வகை ஏற்பிகள், தசையில் உள்ளவை நிக்கோட்டினிக் வகை ஏற்பிகள் என்பதே.

மாநகரப் பேருந்தில் நடத்துநர் ஒரு விசில் கொடுத்ததும் ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கிறார், படியருகே நிற்பவர் இறங்குகிறார், நிறுத்தத்தில் காத்திருப்பவர் ஏற முன்வருகிறார். ஒலி ஒன்றுதான், கேட்பவர் யார் என்பதைப் பொறுத்துச் செயல் மாறுகிறது. அசிட்டைல்கோலினின் நிலையும் அதுவே. இந்த இரு ஏற்பிகளின் வேறுபாட்டை நம் மண்ணின் இரண்டு நஞ்சுகளே காட்டிக் கொடுக்கின்றன. ஊமத்தையில் உள்ள அட்ரோபினும் ஸ்கோபொலமினும் மஸ்கரினிக் ஏற்பிகளை மட்டும் அடைப்பதால், அதை உண்டவருக்கு நாக்கு வறண்டு, கண்மணி விரிந்து, இதயம் வேகமெடுத்து, மூளை குழம்பிப் பிதற்றல் வருகிறது; ஆனால் தசைகள் செயலிழப்பதில்லை. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர் எடுக்கிறார்களே, அந்த நல்லபாம்பு நஞ்சு இதற்கு நேர்மாறானது: அதன் நரம்பு நச்சு நிக்கோட்டினிக் ஏற்பிகளைப் பற்றிக்கொள்ள, இமை தொங்கி, கை கால் தளர்ந்து, இறுதியில் மூச்சுத் தசைகளும் நின்றுபோகும், அப்போதும் கடிபட்டவர் நினைவோடுதான் இருப்பார். இரண்டிலும் அசிட்டைல்கோலினின் அளவு மாறவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இனி டோபமைனுக்கு வருகிறேன். டோபமைன் தனக்கென ஒரு வேலையுள்ள மூளைத்தூதர் என்று நிறுவியவர் சுவீடனின் ஆர்விட் கார்ல்சன். நம் நாட்டுச் சர்ப்பகந்தாவிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட, மூளையின் டோபமைன் இருப்பைக் காலிசெய்யும் ரெசர்பினை முயல்களுக்குக் கொடுத்தபோது அவை அசைவற்றுக் கிடந்தன; மூளையில் டோபமைனாக மாறும் எல்-டோபாவைச் செலுத்தியதும் எழுந்து நடமாடின. 1957இல் வெளியான அந்த ஆய்வும் அதைத் தொடர்ந்த பணிகளும் அவருக்கு 2000ஆம் ஆண்டின் நோபல் பரிசில் பங்கு பெற்றுத் தந்தன. இதற்கு இருபது ஆண்டுகள் முன்பே, 1937இல், சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தாமோதரனும் ராமசுவாமியும் பூனைக்காலி விதையிலிருந்து அதே எல்-டோபாவைப் பிரித்தெடுத்து வெளியிட்டிருந்தார்கள் என்பதை ஒவ்வோர் ஆண்டும் என் மாணவர்களுக்குச் சொல்வதில் எனக்குப் பெருமை உண்டு. அதைக் கேட்டுவிட்டுப் பூனைக்காலிப் பொடியைத் தாமாகவே வாங்கிச் சாப்பிடக் கூடாது என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுவேன். விதைக்கு விதை மருந்தின் அளவு மாறும்.

பார்க்கின்சன் நோயில் நடுமூளையின் கருந்திட்டுப் பகுதியில் டோபமைன் தயாரிக்கும் செல்கள் அழிகின்றன. அவை டோபமைனைக் கொண்டு சேர்க்கும் ஸ்ட்ரியேட்டம் என்ற பகுதியில் இரண்டு வகை ஏற்பிகள் அருகருகே வேலை செய்கின்றன. டி1 ஏற்பி உள்ள செல்கள் அசைவைத் தொடங்கி வைப்பவை. டோபமைன் அவற்றைத் தூண்டுகிறது. டி2 ஏற்பி உள்ள செல்கள் அசைவைத் தடுத்து நிறுத்துபவை. அதே டோபமைன் அவற்றை அடக்குகிறது. ஒன்றைத் தூண்டியும் மற்றொன்றை அடக்கியும் ஒரே பொருள் உடலை நடக்க வைக்கிறது. டோபமைன் இல்லாதபோது இரண்டு பக்கமும் தலைகீழாகி, நடக்க நினைப்பவரின் கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுகிறது. அம்மா சமையலறை வாசற்படியில் அப்படி நிற்கும்போது அவருக்கு மன உறுதி குறைந்துவிட்டது என்று உறவினர்கள் நினைப்பார்கள். ‘கொஞ்சம் முயற்சி பண்ணுங்க அத்தை’ என்று அன்போடு சொல்பவர்களிடம், முயற்சி என்று நாம் அழைப்பதே இந்தச் செல்களின் வழியாகத்தான் காலுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று நான் பலமுறை விளக்கியிருக்கிறேன்.

டோபமைனையே மாத்திரையாகக் கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பை டோபமைனால் கடக்க முடியாது, எல்-டோபாவால் முடியும். ஆனால் எல்-டோபா கடந்து போகும் வழி, உணவுப் புரதத்திலிருந்து வரும் சில அமினோ அமிலங்களும் பயன்படுத்தும் வழியாகும். ஆகவே பருப்பும் தயிரும் நிறைந்த சாப்பாட்டோடு மாத்திரையை விழுங்கினால் அன்றைக்கு அதன் பலன் குறைந்துவிடும். அம்மாவுக்குச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பே மாத்திரை கொடுத்துவிடுவது எங்கள் வீட்டு வழக்கம்.

மூளையின் வேறு பகுதிகளிலும் டோபமைன் ஏற்பிகள் இருப்பதால், நடையைச் சீராக்க நினைத்துக் கொடுக்கும் மருந்து நடத்தையையும் தொட்டுவிடுகிறது. பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மருந்துகள் டி3 ஏற்பியை வலுவாகத் தூண்டுபவை. விருப்பத்தோடும் ஊக்கத்தோடும் தொடர்புள்ள பகுதிகளில் அந்த ஏற்பிகள் மிகுதி. இவற்றை எடுப்பவர்களில் சிலருக்குச் சூதாட்டத்திலோ பொருள் வாங்குவதிலோ அடக்க முடியாத நாட்டம் வருவது நன்கு பதிவான பக்கவிளைவு. அம்மாவுக்கு இந்த வகை மருந்தை எழுதிக் கொடுக்கும்போதே மருத்துவர் என்னைத் தனியே அழைத்து, தி.நகர் போனால் தேவையில்லாமல் புடவைகளாக வாங்குகிறாரா, கைபேசியில் பணம் கட்டி ரம்மி ஆடுகிறாரா என்று கவனிக்கச் சொன்னார். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த மருத்துவர் கிடைத்தது எங்கள் நல்லூழ். நாணத்தால் குடும்பங்கள் மறைத்துவிடுகிற விஷயம் இது. குணக்கேடு என்று ஒதுக்காமல் மருத்துவரிடம் சொன்னால், மருந்தின் அளவைக் குறைக்கும்போதோ மருந்தை மாற்றும்போதோ பெரும்பாலும் சரியாகிவிடும்.

எதிர்த்திசையிலும் இதையே காணலாம். மனச்சிதைவு நோய்க்குத் தரப்படும் மருந்துகள் பெரும்பாலும் டி2 ஏற்பிகளை அடைப்பவை. மூளைப் படப்பிடிப்பு ஆய்வுகளின்படி, அந்த ஏற்பிகளில் சுமார் 65 சதவீதம் அடைபடும்போது பலன் தெரியத் தொடங்குகிறது. 80 சதவீதத்தை நெருங்கும்போது கை நடுக்கமும் உடல் விறைப்புமாகப் பார்க்கின்சன் போன்ற நிலை தோன்றுகிறது. வாந்திக்குச் சாதாரணமாகக் கொடுக்கப்படும் மெட்டோகுளோபிரமைடும் டி2 ஏற்பியை அடைப்பதால், அம்மாவின் கைப்பையில் ‘இந்த மருந்துகள் கொடுக்க வேண்டாம்’ என்று அதையும் மனச்சிதைவு மருந்தான ஹாலோபெரிடாலையும் எழுதிய சீட்டு ஒன்றை எப்போதும் வைத்திருக்கிறேன். வீட்டில் பார்க்கின்சன் நோயாளி இருக்கும் ஒவ்வொருவரும் அப்படி ஒரு சீட்டு வைத்திருப்பது நல்லது.

அப்படியானால் மகிழ்ச்சிக்கும் டோபமைனுக்கும் தொடர்பே இல்லையா? இருக்கிறது, ஆனால் பரவலாகச் சொல்லப்படும் வகையில் அல்ல. வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் செய்த ஆய்வுகளில், எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது டோபமைன் செல்கள் துடித்தன. சாறு வரப்போவதை ஒரு விளக்கொளி அறிவிக்கிறது என்று குரங்கு கற்றுக்கொண்ட பிறகு துடிப்பு விளக்குக்கு இடம் மாறிவிட்டது, சாறு வந்தபோது தனித் துடிப்பு இல்லை. விளக்கு எரிந்தும் சாறு வராதபோது துடிப்பு வழக்கத்தைவிடக் குறைந்தது. சுவையை அனுபவிப்பதைக் காட்டிலும், எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டையே அந்தச் செல்கள் அறிவிக்கின்றன என்று இதற்குப் பொருள். டோபமைன் முற்றிலும் நீக்கப்பட்ட எலிகளும் நாக்கில் இனிப்பு பட்டால் அதை விரும்பும் முகக்குறியைக் காட்டுகின்றன. ஆனால் உணவைத் தேடிப் போவதில்லை. ‘டோபமைன் விரதம்’ என்ற பெயரில் இப்போது பரவும் அறிவுரைகளில் கைபேசியை ஒதுக்கி வைப்பது நல்ல பழக்கமாகவே இருக்கலாம். அதனால் டோபமைன் வடிந்து புதிதாக ஊறுகிறது என்ற விளக்கத்துக்கு மட்டும் அடிப்படை கிடையாது.

ஏற்பிகள் நிலையாக நிற்பவையும் அல்ல. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் சேர்ந்து, தன் ஏற்பிகளில் ஒட்டித் தூக்கத்தை வரவழைக்கிறது. காலையில் நாம் குடிக்கும் ஃபில்டர் காபியின் காஃபீன் அந்த ஏற்பியில் அமர்ந்துகொண்டு அதை இயக்காமல் இருந்துவிடுவதால் களைப்பு தெரிவதில்லை. நாள்தோறும் குடிப்பவரின் மூளை இந்த அடைப்புக்கு ஏற்பத் தன்னை மாற்றி அமைத்துக்கொள்கிறது. ஏகாதசியன்று காபியை விட்டவருக்கு மாலைக்குள் தலைவலி வருவதற்கு வெறும் வயிறு மட்டும் காரணமன்று. உறக்க மாத்திரைகளை நீண்டகாலம் எடுத்தவர்கள் திடீரென்று நிறுத்தும்போது வரும் பதற்றமும் சில வேளை வலிப்பும் இதன் கடுமையான வடிவமே. அங்கே மாற்றம் அடைந்திருப்பவை, மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற தூதரின் ஏற்பிகள்.

செரட்டோனினுக்கு மட்டும் ஏழு குடும்பங்களைச் சேர்ந்த சுமார் 14 வகை ஏற்பிகள் உள்ளன. அவற்றில் ஒன்றை அடைக்கும் ஒண்டான்செட்ரான் வாந்தியை நிறுத்துகிறதே தவிர, மனநிலையை மாற்ற அது பயன்படுவதில்லை. மனச்சோர்வுக்கான எஸ்.எஸ்.ஆர்.ஐ. மருந்துகள் செரட்டோனின் திரும்ப உறிஞ்சப்படுவதைச் சில மணி நேரத்திலேயே தடுத்துவிடுகின்றன. மனம் தேறுவதற்கோ சில வாரங்கள் ஆகின்றன. அளவுதான் எல்லாம் என்றால் இந்தத் தாமதத்துக்கு விளக்கம் இல்லை. இடைப்பட்ட நாட்களில் ஏற்பிகளின் உணர்திறனும் செல்களின் இணைப்புகளும் மெல்ல மாறுகின்றன என்பதே இன்றைய புரிதல். செரட்டோனின் குறைவுதான் மனச்சோர்வுக்குக் காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று 2022இல் வெளியான ஒரு பெரிய மதிப்பாய்வு கூறியதும், மருந்தே பயனற்றது என்று பலர் முடிவுகட்டினார்கள். அது வேறு கேள்வி. பாரசிட்டமால் காய்ச்சலைக் குறைக்கிறது என்பதால் பாரசிட்டமால் குறைவால் காய்ச்சல் வந்தது என்று யாரும் சொல்வதில்லை. மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர்கள் செய்தியைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்த வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்; நிறுத்துவதானாலும் மருத்துவர் சொல்லும் வேகத்தில் படிப்படியாகத்தான் செய்ய வேண்டும்.

ரத்தப் பரிசோதனை பற்றி: உடலில் உள்ள செரட்டோனினில் ஏறத்தாழ 90 சதவீதம் குடலில் உருவாகிறது, ரத்தத்தில் இருப்பது பெரும்பாலும் தட்டணுக்களுக்குள் இருக்கிறது, அது மூளைக்குள் நுழைவதில்லை. டோபமைனும் அப்படியே. ஆகவே ரத்தத்தில் வரும் எண் உங்கள் மூளையின் செரட்டோனினையோ டோபமைனையோ காட்டாது. ஏற்பிகளைப் பற்றி ஒன்றுமே சொல்லாது. சில அரிய கட்டிகளைக் கண்டறிய இத்தகைய பரிசோதனைகள் பயன்படுகின்றன, அதற்கு மருத்துவர் எழுதினால் செய்துகொள்ளுங்கள். மனநிலைக்காக என்றால் அந்தப் பணத்தை ஒரு மனநல மருத்துவரின் ஆலோசனைக்குச் செலவிடுங்கள். அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளில் அதற்குக் கட்டணமும் இல்லை.